ஒரே நாளில் பதிந்த ஆல்பம்: பிளாக் சாபத்தின் முதல் தட்டும் அதற்குக் கிடைத்த வரவேற்பும் – கோத்தகிரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. பர்மிங்காமின் ஆலைப் பகுதியான ஆஸ்டனிலிருந்து வந்த நான்கு பையன்களின் முதல் ஆல்பம் அன்றைக்கு இங்கிலாந்தில் கடைக்கு வந்தது. குழுவின் பெயர் பிளாக் சாபத். ஆல்பத்துக்கும் அதே பெயர், முதல் பாட்டுக்கும் அதே பெயர். முந்தைய மாதம் வந்த சிங்கிள், அதாவது ஆல்பத்துக்கு முன்னால் தனியே விட்ட பாட்டுத் தட்டு, விற்பனைப் பட்டியலில் ஏறாமல் படுத்துவிட்டது. ஆல்பமோ இங்கிலாந்துப் பட்டியலில் 8ஆம் இடத்துக்குப் போனது. ஜூனில் அமெரிக்காவில் வெளியாகி, அங்கே 23ஆம் இடம் வரை ஏறி, ஒரு வருடத்துக்கும் மேல் பட்டியலிலேயே உட்கார்ந்திருந்தது. இதே ஆல்பத்தைத்தான் அன்றைய பெரிய விமர்சகர்கள் குப்பை என்று ஒதுக்கினார்கள்.

விமர்சகர் திட்டினார், ஜனம் கொண்டாடியது என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். சினிமாவில் நமக்குப் பழகிப்போன கதைதான். எனக்கு அது போதவில்லை. அந்த விமர்சகர்கள் ஒன்றும் காது கேளாதவர்கள் அல்ல. அவர்கள் சொன்ன குறைகளில் பாதி அந்தத் தட்டில் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் குறைகள் எல்லாம் முடிந்துகொண்டிருந்த ஒரு குழுவுடையவை. அதே தட்டில் தொடங்கிக்கொண்டிருந்த இன்னொரு குழுவை அவர்கள் கவனிக்கவில்லை.

இதை இப்போது கையில் எடுத்ததற்குக் காரணம் அரவங்காட்டுப் பையன்கள் மூன்று பேர். வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். கோத்தகிரியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் சில பேர் சேர்ந்து பழைய எல்.பி. ரெக்கார்டுகளைக் கேட்போம், அங்கே அவர்களும் வருவார்கள். ஹார்ட் ராக் வாசிக்கிறார்கள். முதல் ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு தயார். மாதிரிப் பதிவைக் கேட்ட ஒருவர், "இதெல்லாம் ஏற்கெனவே கேட்டதுதானே தம்பி" என்று சொல்லிவிட்டார். அதோடு மூவரும் சுருண்டுவிட்டார்கள். "அண்ணா, வெளியிடலாமா, விட்டுடலாமா?" என்று கிதார் வாசிக்கிறவன் என்னைக் கேட்டான். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? சரி, முதலில் ஒரு பழைய கேஸைப் பார்ப்போம் என்றேன்.

ஆலையும் விரலும்

கிதார் வாசித்த டோனி ஐயோமி இடது கைக்காரர். 17 வயதில் தகரத் தகடு ஆலை ஒன்றில் வேலை. 1965இல், வேலையை விட்டு நிற்பதாக இருந்த கடைசி நாளன்று, வழக்கமாகச் செய்யாத ஒரு மெஷினில் நிறுத்தினார்கள். அது அவருடைய வலது கையில் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் எடுத்துவிட்டது. இடது கைக்காரர் கிதார் பிடித்தால் தந்தியை அழுத்துவது வலது கை. போனது அந்தக் கையின் விரல்கள்.

ஆலை மேலாளர் ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாராம். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஐரோப்பாவே அண்ணாந்து பார்க்க வாசித்தவர். ஐயோமி மறுபடி கிதாரை எடுத்தார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு இரண்டு குப்பி செய்துகொண்டார். மேலே தோல் ஒட்டினார். சாதாரணத் தந்தி விரலுக்கு வலித்தது. மெல்லிய தந்தி அப்போது கடையில் கிடைக்காததால் பாஞ்சோ தந்தியை மாட்டினார்.

இந்தக் கதையைச் சொன்னபோது நண்பரின் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார். தேயிலை ஃபேக்டரியில் சி.டி.சி. மெஷின் பார்த்துக்கொண்டு, ஃபிட்டராக ஓய்வு பெற்றவர். பல் வைத்த இரண்டு உருளைகள் வேறுவேறு வேகத்தில் ஓட, நடுவில் இலை நசுங்கி வரும் மெஷின் அது. அவர் உச்சுக்கொட்டவில்லை. "பாட்டிலை உருக்கினான் சரி. விரல் அளவுக்குக் குழி எப்படிப் போட்டான்?" என்று கேட்டார். சால்டரிங் அயர்னைச் சுட வைத்துக் குடைந்து, அப்புறம் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தார் என்றேன். "அப்படின்னா நிக்கும்" என்றார்.

மற்ற மூவரும் அதே ஊர்க்காரர்கள்தான். பாடிய ஓஸி ஆஸ்பர்ன் கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலையும் இறைச்சிக் கூடத்தில் வேலையும் செய்தவர். பேஸ் கிதார் வாசித்தவர் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட். ஓஸியின் அப்பா ஆலைக் கருவிகள் செய்யும் தொழிலாளி. பின்னாளில் குழுவினர் கழுத்தில் தொங்கிய அலுமினியச் சிலுவைகளை முதலில் செய்து கொடுத்தவர் அவர். பேய்க் குழு, பிசாசுக் குழு என்று பத்திரிகைகள் எழுதியபோது அவர்கள் கழுத்தில் கிடந்தது ஒரு அப்பா செய்து தந்த சிலுவை.

இரண்டு நுனி போன கைக்கு நுணுக்கமான கார்டுகள் (பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்துவது) கஷ்டம். இரண்டே சுரங்களைச் சேர்த்து அழுத்தி, அந்தச் சத்தத்தைப் பெரிதாக்குவது சுலபம். அந்தக் கனமான ஓசை பிறந்ததில் இதற்கும் பங்கு உண்டு. தந்தியைத் தளர்த்திச் சுருதியை இறக்கியதால்தான் இந்த ஆல்பம் இப்படி ஒலிக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. சுருதி இறக்கம் வந்தது 1971இல், மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பத்தில் இருப்பது வழக்கமான சுருதிதான்.

ஒரு நாள்

1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோ. தயாரிப்பாளர் ரோட்ஜர் பெயின், ஒலிப்பதிவாளர் டாம் ஆலம். நான்கு பேரும் மேடையில் வாசிப்பதுபோல் ஒன்றாக நின்று வாசித்தார்கள். ஓஸி மட்டும் தனிக் கூண்டில் நின்று பாடினார். ஒரே நாளில் பதிவு முடிந்தது. ஒரு நாள் என்பது அவர்களுக்குத் தாராளமாகவே பட்டதாம். மறுநாள் சுவிட்சர்லாந்தில் கச்சேரி, சம்பளம் 20 பவுன். அன்றைய மதிப்பில் ஒரு பவுனுக்கு 18 ரூபாய், ஆக 360 ரூபாய். நாலாய்ப் பிரித்தால் ஆளுக்கு 90.

அன்றைக்கு முதலாவதாக ஒரு பாட்டைப் பதிந்து முடித்ததும் ஐயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) செத்துவிட்டது. சரிசெய்ய நேரமில்லை. கைவசம் வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி.யை எடுத்து மீதி ஆல்பம் முழுவதையும் வாசித்தார். அதற்குப் பிறகு அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் கிதார் அது. பிக்கப் அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த ஆல்பம் எப்படி ஒலித்திருக்கும் என்று எங்கள் மாடியில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவு எதுவும் வரவில்லை.

ஒரு நாளில் எப்படி முடிந்தது என்றால், அதற்கு முன்பே ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பிலும் சுவிட்சர்லாந்திலும் ஒரே நாளில் பல செட்டுகள் வாசித்துத் தள்ளியிருந்தார்கள். கை தன்னால் போகும். அதனாலேயே ஒரு சிக்கலும் வந்தது. நேரத்தை ஓட்டுவதற்காக இழுத்து வாசித்துப் பழகிய பாட்டுகளும் அப்படியே தட்டில் ஏறிவிட்டன.

தட்டில் இருக்கும் இரண்டு குழு

இதே நால்வரும் 1969 நடுப்பகுதி வரை 'எர்த்' என்ற பெயரில் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரிடமிருந்து வந்த இசை) வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால் பெயரை மாற்றினார்கள். பெயர் மாறி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில்தான் ஸ்டூடியோவுக்குள் போனார்கள். பெயர் ஒரே நாளில் மாறிவிடும். கை மாற நாளாகும்.

இங்கிலாந்துப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 38 நிமிடம். இரண்டாம் பக்கம் தொடங்குவது 'ஈவில் வுமன்'. அமெரிக்காவின் குரோ என்ற குழுவின் பாட்டு. முடிவது 'வார்னிங்'. அது எய்ன்ஸ்லி டன்பார் குழுவின் பாட்டு. பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும், அதில் பெரும்பகுதி கிதார் தனி ஆவர்த்தனம். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 14 நிமிடம். அதாவது ஆல்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே அடுத்தவர் பாட்டு. இந்த 14 நிமிடமும் 'எர்த்' குழுதான். நன்றாக வாசிக்கும் ஊர்ப்புற புளூஸ் குழு; அன்றைய இங்கிலாந்தில் இப்படி எத்தனையோ குழுக்கள் இருந்தன.

முதல் பக்கத்தில் இருப்பவர்கள் வேறு ஆட்கள். 'பிளாக் சாபத்' என்ற முதல் பாட்டில் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி, மூன்றே சுரம். அவசரமே இல்லாமல், அடுத்த அடி விழுமா விழாதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாகப் போகிறது. 'என்.ஐ.பி.'யில் பேஸ் தனியாகத் தொடங்கி, அப்புறம் ரிஃப் வந்து உட்காரும் இடத்தில், பின்னால் வந்த நூறு குழுக்களின் வழி தெரிகிறது. அந்தப் பெயருக்குப் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. பில் வார்டின் தாடி பேனா நிப்பு மாதிரி இருந்ததால் வந்த கேலிப் பெயர்.

ரெக்கார்டு நிறுவனம் எதை சிங்கிளாக முன்னால் அனுப்பியது தெரியுமா? 'ஈவில் வுமன்'. அடுத்தவர் பாட்டு, ஏற்கெனவே அமெரிக்காவில் ஓடிய பாட்டு, ஆபத்தில்லாத பாட்டு. அதுதான் படுத்தது.

என்ன எழுதினார்கள்

ரோலிங் ஸ்டோன் இதழில் 1970 செப்டம்பரில் லெஸ்டர் பேங்ஸ் எழுதினார். அவருடைய புகாரின் சாரம் இது: கிரீம் குழு மாதிரியே இருக்கிறது, அதைவிட மோசம், கிதாரும் பேஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடுகின்றன, ஒருபோதும் சேரவில்லை. இந்த வரிகளை வைத்துக்கொண்டு 'வார்னிங்' கேட்டுப் பாருங்கள். மனிதர் சொன்னதில் தப்பே இல்லை. எரிக் கிளாப்டனின் கிரீம் அதே வேலையை இவர்களைவிட நன்றாகச் செய்து முடித்து, 1968லேயே கலைந்தும் போயிருந்தது. அதே வரிகளை வைத்துக்கொண்டு முதல் பாட்டைக் கேளுங்கள். ஒரு சொல்கூடப் பொருந்தாது. அதில் கிதாரும் பேஸும் ஒரே சுரத்தில் பூட்டிக்கொண்டு நடக்கின்றன.

நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸில் எழுதிய ராபர்ட் கிறிஸ்ட்காவ் சி மைனஸ் என்ற மட்டமான மதிப்பெண் போட்டார். போலி மாந்திரீகம், போதையில் மந்தமான வாசிப்பு, நீண்ட தனி ஆவர்த்தனங்கள் என்று பட்டியல். நீண்ட ஆவர்த்தனம் பற்றிய புகாரை நான் ஒப்புக்கொள்கிறேன். மாந்திரீகம் பற்றியதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் பாட்டில் பேசுகிறவன் பிசாசைக் கூப்பிடுகிறவன் அல்ல. எதிரே கறுப்பாக ஒரு உருவம் நிற்பதைப் பார்த்து, கடவுளே காப்பாற்று என்று கதறுகிறவன். சொற்களைக் கவனித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

ஆனால் அவர்களைக் குழப்பியதில் அட்டைக்கும் பெரிய பங்கு உண்டு. தேம்ஸ் கரையில் மேப்பிள்டர்ஹாம் என்ற ஊரின் பழைய நீராலை. முன்னால் கறுப்பு அங்கியில் ஒரு பெண். மடித்த அட்டையைத் திறந்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை. அந்தச் சிலுவை பற்றிக் குழுவுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பார்த்ததும் அவர்களுக்கே பிடிக்கவில்லை. வெர்டிகோ என்ற ரெக்கார்டு நிறுவனம் விற்பனைக்காக ஒட்டிய முகம் அது. விமர்சகர்கள் அந்த முகத்தையும் சேர்த்தே விமர்சித்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்த சார் ஒருவர் உண்டு. அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சாதா கலர் ஃபிலிம் இல்லைங்க. புல்லும் இலையும் பச்சையா இல்லை பாருங்க, ரோஸ் அடிக்குது. இன்ஃப்ரா ரெட்" என்றார். சரியாகச் சொன்னார். புகைப்படக்காரர் கீத் மெக்மிலன் அதைக் கோடக்கின் அகச்சிவப்பு ஃபிலிமில்தான் எடுத்தார். பச்சை இலை அந்த ஃபிலிமில் சிவந்துதான் விழும். ஐம்பது வருடமாக ரசிகர்கள் பேய்த்தன்மை என்று சொல்லிவந்ததை சார் ஒரு நிமிடத்தில் ரசாயனமாக்கிவிட்டார்.

பேங்ஸ் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 1972இல் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வந்த வேறொரு இதழில், இதே குழுவைப் பற்றி அவரே இரண்டு பகுதியாக நீளமாக எழுதினார். இந்த முறை இவர்கள் பாட்டில் இருக்கும் அற உணர்வைப் பற்றி, மரியாதையோடு. ரோலிங் ஸ்டோன் 2017இல் போட்ட நூறு சிறந்த மெட்டல் (இந்தக் கனமான ராக் வகை) ஆல்பங்களின் பட்டியலில் இந்த ஆல்பத்துக்கு 5ஆம் இடம். முதலிடமும் இதே குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்குத்தான். இதைச் சொல்லி விமர்சகர்களைக் கிண்டலடிப்பது சுலபம். என்னைக் கேட்டால், இடையில் வந்த ஆல்பங்களும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். அவற்றில் 'எர்த்' கிடையாது. பின்னால் வந்தவற்றைக் கேட்ட காதுக்கு முதல் தட்டில் எது விதை, எது பழைய தோல் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. 1970 செப்டம்பரில் பேங்ஸின் கையில் அந்த ஒரு தட்டுதான் இருந்தது.

கோத்தகிரியில் கேட்டது

இந்தப் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிய மழை. அன்றைக்கும் தகர ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. நண்பர் ரெக்கார்டை வைத்து ஊசியை இறக்கினார். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. சித்தப்பா டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் ஒரு மணி அடித்தது. "இந்நேரத்துல எந்தக் கோயில்ல?" என்று சார் தலையைத் தூக்கினார். அப்போதுதான் தெரிந்தது, ஆல்பம் எப்போதோ தொடங்கிவிட்டது. அதன் முதல் அரை நிமிடமும் மழை, இடி, மணிதான். குழுவினர் போன பிறகு பெயினும் ஆலமும் சேர்த்த சத்தம் அது. வெளியே எந்த மழை, தட்டில் எந்த மழை என்று எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு ரிஃப் இறங்கியது. அரவங்காட்டுக் கிதார் பையன் மூன்று சுரத்தையும் வாசித்துக் காட்டினான்: கீழ் ஜி, மேல் ஜி, நடுவில் சி ஷார்ப். மேற்கத்திய இசையில் ஜிக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்துக்குப் பிசாசின் இடைவெளி என்று பட்டப்பெயர். இடைக்காலத் தேவாலயம் இதைத் தடை செய்திருந்தது என்ற கதை ராக் எழுத்தில் நிறைய உலவும். தடை என்று ஒன்றும் கிடையாது. தவிர்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்தில் வீணை கற்றுக்கொண்ட டீச்சர் ஒருவர் வருவார். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ச, மேல் ச, ம. பிரதி மத்யமம். இதுல பயப்பட என்ன இருக்கு?" என்றார். அவர் கேட்டது நியாயம். கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களில் 37 முதல் 72 வரை பாதி, பிரதி மத்யமம் என்ற இந்த உயர்ந்த ம-வை வைத்தே நிற்கிறது. கல்யாணியில் இருப்பது இதே ம. கல்யாண வீட்டில் நாகஸ்வரத்தில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது எப்படிப் பிசாசாகும்?

கிதார் பையன் விடவில்லை. "டீச்சர், மறுபடி கேளுங்க. உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் பண்ணலையா?" ஊசி மறுபடி முதலுக்குப் போனது. இந்த முறை டீச்சர் சொன்னது வேறு. கல்யாணியில் ம தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் ப இருக்கும், கீழே க இருக்கும். வந்து போக இடம் உண்டு. இங்கே ச-வைத் தவிர வேறு துணையே இல்லை. அந்த ம நடுங்கி நடுங்கி ப-வை எட்டிப் பார்க்கிறது, ஆனால் போய் உட்காருவதில்லை. "ப கொடுக்காம விட்டுட்டான். அதான் வயித்தைப் பிசையுது" என்றார். இந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு துல்லியமான ஒரு வரி கிடையாது.

நீலகிரியில் உட்கார்ந்து இதைப் பேசும்போது இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்களை நினைக்காமல் முடியவில்லை. இரும்படிப்பதும் வாசிப்பதும் அவர்களுடைய மரபுத் தொழில். ஒரு காலத்தில் தோடர், படகர் வீட்டுச் சாவுகளுக்கு வாசித்ததும் அவர்கள்தான். இங்கிருந்து பர்மிங்காமுக்குப் பாலம் போட எனக்கு ஆசை இல்லை. இரும்பு பிடிக்கும் கையே சாவுக்கும் வாசிக்கும் என்பது இந்த மலையில் புதுச் செய்தி அல்ல என்பது மட்டும் உண்மை.

இரண்டாம் பக்கம் போட்டபோது 'வார்னிங்' பாதியில் சித்தப்பா எழுந்து மாடு பார்க்கப் போய்விட்டார். பேங்ஸ் பக்கம் ஒரு ஓட்டு.

பையன்கள் விஷயம்

மூவரின் எட்டுப் பாட்டையும் இதே மாதிரி பிரித்துக் கேட்டோம். மூன்று பாட்டு, கல்லூரி விழாக்களில் அடுத்தவர் பாட்டை வாசித்து வாசித்து வந்த கைப்பழக்கம். சொந்தமாக எழுதியதுதான், ஆனால் யாருடைய நிழல் என்று சொல்லிவிடலாம். மற்ற ஐந்தும் அவர்களுடையவை. அதில் ஒன்று, ஷிஃப்ட் முடிந்து அப்பா வரும் சத்தத்தை டிரம்ஸில் தொடங்குவது, எனக்கு ரொம்பப் பிடித்தது. மாதிரிப் பதிவில் அவர்கள் முதலில் வைத்திருந்த மூன்றும் எவை தெரியுமா? நிழல் பாட்டுகள். நம்பிக்கையாக வாசிக்க வருவது அவைதான் என்பதால். "ஏற்கெனவே கேட்டதுதானே" என்று சொன்னவர் நாலாவது பாட்டு வரை போனாரா என்று கேட்டேன். போயிருக்க மாட்டார் என்றார்கள்.

2025 ஜூலை 5, ஆஸ்டனில் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். பதினேழு நாளில் ஓஸி இறந்துபோனார். அன்றைக்கு அவர்கள் சேர்ந்து வாசித்த நாலு பாட்டில் முதல் ஆல்பத்திலிருந்து ஒன்று இருந்தது: 'என்.ஐ.பி.'. நிறுவனம் 1970இல் நம்பி முன்னால் அனுப்பிய 'ஈவில் வுமன்' அமெரிக்கப் பதிப்பிலேயே இடம்பெறவில்லை. அங்கே அதன் இடத்தில் அவர்களுடைய சொந்தப் பாட்டான 'விக்கெட் வேர்ல்ட்' இருந்தது. இதைச் சொன்னதும் கிதார் பையனும் பேஸ் பையனும் நிழல் பாட்டு மூன்றையும் தூக்கிவிடலாம் என்றார்கள்.

டிரம்மர் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணா, எல்லாரும் 'வார்னிங்'கைத் திட்டுறீங்க. அதை அத்தனை ராத்திரி வாசிச்சதாலதான் அவங்களால ஒரு நாள்ல ஆல்பத்தை முடிக்க முடிஞ்சது. அதுல பில் வார்ட் வாசிச்சிருக்கறதைத் தனியா கேட்டுப் பாருங்க" என்றான். கேட்டோம். டிரம்ஸைப் பொறுத்தவரை அவன் பேச்சை மறுக்க முடியவில்லை. கடைசியில் பேரம் ஆறு பாட்டில் முடிந்தது: சொந்தப் பாட்டு ஐந்து, நிழல் பாட்டில் ஒன்று. ஷிஃப்ட் பாட்டு முதலில், நிழல் பாட்டு கடைசியில். ஸ்டூடியோ வாடகைக்குக் கையில் இருக்கும் பணம் ஒரு நாளைக்குத்தான் காணும்.